மேல்வீட்டு மூச்சு

டாக்னி ஒரு அழைப்பு மணியை அழுத்தவில்லை. அவள் செய்த தப்பு அவ்வளவுதான். கதவுக்கு எதிரே நின்றாள், விரலைக்கூட நீட்டினாள், அழுத்தாமல் திரும்பி வந்துவிட்டாள். யாரையும் அடிக்கவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. ஆனாலும் ஏப்ரல் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

ஸ்வீடன் நாட்டின் யெவ்லே ஊரில் அவள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் மணியை அழுத்துவது சாதாரண காரியமில்லை. வெளியே கிளம்புகிறவர்கள் முதலில் கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பார்கள். படியில் ஆள் நடமாட்டம் தெரிந்தால், கோட்டு, தொப்பி, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளேயே சிலையாக நிற்பார்கள். அந்த ஆள் கடந்து போன பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும். பகையெல்லாம் கிடையாது. அடுத்தவர் வழியில் நாம் ஏன் குறுக்கே போய் விழ வேண்டும் என்கிற மரியாதை. பாழாய்ப்போன மரியாதை.

சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதி, கதவின் நடுவே தபால் போட இருக்கும் வாயில் தள்ளிவிடுவார்கள். எல்லாருக்கும் பொதுவான துவைக்கும் அறையில் இயந்திரத்தின் பஞ்சை எடுக்காமல் போனது யார், குழந்தை வண்டியை வழியில் நிறுத்தியது யார், எல்லாம் காகிதத்தில்தான் தீரும். பெயர் இருக்காது. "அன்புடன், அயலார்" என்று முடித்திருந்தால் கோபம் தலைக்கேறியிருக்கிறது என்று அர்த்தம்.

போன நவம்பரில் டாக்னியின் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில், இவார் குடிவந்தார். எழுபத்தொரு வயது. ரயில்வேயில் கால அட்டவணை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று பெரிய வீட்டை விட்டு இங்கே வந்திருந்தார். இதெல்லாம் டாக்னிக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் தெரிந்தது சத்தம் மட்டும்தான். காலை ஏழரைக்குத் தொப்பென்று ஒன்று விழும். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் தொப். வரவேற்பறை விளக்கு ஆடும்.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு எழுதினாள்.

"மேல்வீட்டு யானை அவர்களுக்கு, தினமும் ஏழரைக்கு என் கூரை இடியப் பார்க்கிறது. அன்புடன், அயலார்."

மறுநாளே பதில் விழுந்தது. கோடு போட்ட தாள், அச்சடித்தது போன்ற கையெழுத்து.

"அயலாருக்கு, யானை வருந்துகிறது. முதுகு வலிக்கு யோகா செய்யும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு பெண் செய்வதைப் பார்த்துச் செய்கிறேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது விழுந்துவிடுகிறேன். கம்பளம் வழுக்குகிறதா, நான் வழுக்குகிறேனா தெரியவில்லை. எத்தனை மணிக்கு விழுந்தால் உங்களுக்குச் சௌகரியம்? இவார், மூன்றாம் மாடி."

டாக்னி வாய்விட்டுச் சிரித்தாள். தனி வீட்டில் தன் சிரிப்பே தனக்குக் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருடம், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம், முதியோர் கல்வி மன்றத்துக் கூடத்தில் யோகா வகுப்பு எடுத்த பெண் அவள். இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு வகுப்பை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். வாத்தியார் புத்தி மட்டும் கட்டிலுக்கு அடியில் போகவில்லை.

"கம்பளத்தை எடுங்கள். வெறுந்தரை, வெறுங்கால். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாராயிருந்தாலும் விழத்தான் செய்வார்கள். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். நீங்கள் விழுவது வலது காலைத் தூக்கும்போது. இடது கணுக்காலுக்குப் பலம் போதாது. சுவரை ஒட்டி நில்லுங்கள். டாக்னி, இரண்டாம் மாடி."

பதில்: "என் கணுக்கால் கூரை வழியாகத் தெரிகிறதா?"

அவள்: "கேட்கிறது."

அதிலிருந்து தொடங்கியது. ரயில்வேக்காரர் அல்லவா, கேள்விகளுக்கு எண் போட ஆரம்பித்தார். கேள்வி 3: கஞ்சி குடித்துவிட்டுச் செய்யலாமா? கேள்வி 4: கையைத் தூக்கினால் விளக்கில் இடிக்கிறது, விளக்கை எடுப்பதா, கையை விடுவதா? கேள்வி 6: அந்தப் பெண் வலது என்றால் எனக்கு வலதா, அவளுக்கு வலதா? கேள்வி 7: என் கைக்கும் என் பாதத்துக்கும் அறிமுகமே கிடையாது, எப்படித் தொடுவது? டாக்னி எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். குளியலங்கியின் கச்சையைப் பாதத்தில் மாட்டி இழுங்கள். இரண்டு நாள் செய்யாமல் விட்டதற்கு மூன்றாம் நாள் தண்டனை கொடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் படுக்கிற சவாசனத்தைத் தவிர்க்காதீர்கள்; தூங்கிவிட்டால் தூங்கிவிட்டுப் போகட்டும், யாரும் எழுப்பப் போவதில்லை.

யாரும் எழுப்பப் போவதில்லை. அவள் கையாலேயே எழுதியது.

ஜனவரியில் ஒரு நாள் பெரிதாக விழுந்தார். அதன் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. டாக்னி காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி நின்றாள். கடைசியில் நாற்காலி நகர்ந்தது. போன உயிர் திரும்பி வந்தது. உடனே எழுதிப் போட்டாள்: "இனிமேல் விழுந்தால், எழுந்ததும் குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது." அன்றிலிருந்து தொப்பென்று கேட்டால், கொஞ்ச நேரத்தில் டக் டக் என்று கேட்கும். "சரி சரி," என்று அவள் கூரையைப் பார்த்துச் சொல்வாள்.

இத்தனைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. முதல் மாடி ரூத்துக்கு இது பொறுக்கவில்லை. ரூத்தும் டாக்னியும் ஒரே நாளில் துவைக்கும் அறையைப் பதிவு செய்கிறவர்கள், நாற்பது வருடச் சிநேகம்.

"என்னடி, மேல போனியா இல்லையா?" என்றாள் ரூத், ஈரப் போர்வையின் ஒரு முனையை நீட்டியபடி.

"எதுக்குப் போகணும்?"

"அந்த மனுஷன் மேல விழறதும், நீ கீழ உக்காந்து லெட்டர் போடறதும்! நடுவுல பதினெட்டுப் படிடி. நான் எண்ணிட்டேன்."

"உனக்கு வேற வேலையே இல்ல."

"எனக்கு வேலை இல்லதான். உனக்கு வெக்கம். அறுபத்தாறு வயசுல வெக்கம் வருதுன்னா அதுக்கு ஒரே காரணம்தான் இருக்கும்."

"வாயை மூடிட்டு முனையைப் புடி."

"போய் மணியை அழுத்துடி. கடிச்சா தின்னுடுவாரு? அந்த வயசுல பல்லு எத்தனை இருக்கோ."

டாக்னிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ரூத் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மேலே போக வேண்டும். மணியை அழுத்த வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று கழற்றிவிடுவாள்.

பிப்ரவரியில் ரொட்டிக் கடையில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். அது தவக்காலத்துக்கு முன்னால் கிரீம் வைத்த பன் விற்கும் வாரம், ஊரே வரிசையில் எண் சீட்டோடு நின்றது. உயரமாக, கொஞ்சம் கூன் போட்டு, காதெல்லாம் சிவந்து ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"நீங்க... ரெண்டாம் மாடி," என்றார்.

"நீங்க மூணாம் மாடி."

"குளிர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"ஆமா. நேத்து இதைவிட மோசம்."

"நேத்து மோசம்தான்."

பிறகு அவர் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "காயிதத்துல நீங்க இதைவிட நல்லாப் பேசுறீங்க," என்றார்.

"காயிதத்துல உங்க காது சிவக்கறது தெரியறதில்ல," என்றாள் டாக்னி. சொன்ன பிறகு தன் வாயை நம்ப முடியாமல் நின்றாள்.

அவர் சிரித்தார். "ஒரு நாள்..." என்று தொடங்கினார். உள்ளிருந்து "நாப்பத்தேழு!" என்று கூப்பிட்டார்கள். அது அவருடைய எண். போய்விட்டார். அன்று சாயங்காலம் டாக்னி கதவைத் திறந்தபோது வெளிக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே ஒரு கிரீம் பன். அவரும்தான் மணியை அழுத்தவில்லை.

அந்த வாரம் கேள்வி 11 வந்தது. அடுத்து கேள்வி 13. டாக்னி கேலியாக எழுதினாள்: "பன்னிரண்டு எங்கே? அட்டவணை போட்ட கைக்கு எண் தவறுமா?"

பதில் வந்தது: "கேள்வி 12 தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

எல்லாம் படிந்து வந்தது, மூச்சு மட்டும் வரவில்லை. கேள்வி 15 முழுக்க அதுதான். அந்தக் கம்ப்யூட்டர்ப் பெண் சத்தத்தோடு மூச்சு விடச் சொல்கிறாளே, அது எப்படி? டாக்னி ஒரு பக்கம் நிறைய எழுதினாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிவதற்கு வாயைத் திறந்து ஊதுவோமே, அந்த ஊதல். அதையே வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடுங்கள். தொண்டையின் அடியில் உரசும். தூரத்தில் கடல் கேட்பது மாதிரி இருக்கும். அவசரம் வேண்டாம், இழுப்பதும் விடுவதும் ஒரே அளவு. அவர் பதிலெழுதினார்: "கடல் வரவில்லை. எங்கள் பழைய நாய் வருகிறது." ஒரு மாதம் முயன்றார். கீழே இருந்து மூச்சுக் கேட்காது என்பதால் இதில் மட்டும் அவளால் உதவ முடியவில்லை.

மார்ச் கடைசியில் விழுவது நின்றேபோனது. டாக்னிக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, காலைகள் ஊமையாகிவிட்டது போலவும் இருந்தது. அப்போது கேள்வி 19 வந்தது. ஒரே வரி. "விழாத நாளிலும் தட்டலாமா?"

"தட்டலாம்," என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லை எழுத அவளுக்கு அரை மணி ஆனது.

அதன் பிறகு அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து விரிப்பை இழுத்தாள். ஏழரைக்கு அவர் மேலே, இவள் கீழே. புது இடுப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு. முடிவில் மேலே டக் டக். இவள் கை நீட்டி நாற்காலிக் காலில் டக் டக். அவருக்குக் கேட்குமோ கேட்காதோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஏழே முக்காலுக்கு, மேல்வீட்டில் தொப்பென்று விழுந்த சத்தம். வாரக்கணக்கில் கேட்காத சத்தம், இன்னும் கனமாக. டாக்னி விரிப்பில் உட்கார்ந்து இரண்டு தட்டுக்காகக் காத்தாள். வரவில்லை. ஏதோ இழுபடுகிற மாதிரி ஒரு ஓசை, மேசையை நகர்த்துகிறாரோ. அதுவும் நின்றது. எட்டாகியும் தட்டு வரவில்லை.

அவள் எழுந்தாள். வீட்டு அங்கியோடு, தலை வாராமல், துளை வழியாகக்கூடப் பார்க்காமல் கதவைத் திறந்து பதினெட்டுப் படி ஏறினாள். இதை அவள் பக்கத்துக் கணக்கில் வைக்க வேண்டும். ஏறினாள்.

அவர் கதவுக்கு எதிரே நின்று விரலை மணியருகே கொண்டுபோனாள். கொண்டுபோனவள் நிறுத்தினாள். உள்ளே மூச்சு கேட்டது. குனிந்து தபால் வாயை ஒரு விரலால் லேசாகத் தூக்கினாள். நீளமாக, ஆழமாக, தொண்டையின் அடியில் உரசிக்கொண்டு, இழுப்பதும் விடுவதும் ஒரே அளவில். தூரத்தில் கடல் கேட்பது மாதிரி. வந்துவிட்டது. மனிதர் கடைசியில் பிடித்துவிட்டார்!

சவாசனத்தில் இருக்கிறவரை எழுப்பக் கூடாது. முப்பது வருடம் கூடத்துக் கதவில் தட்டாதீர்கள் என்று பலகை மாட்டியவள் அவள். தாமதமாக வந்து கதவைத் தட்டியவர்களை முறைத்தவள். அதுதான் காரணம் என்று அன்று நினைத்தாள். உண்மை வேறு. தலை வாரவில்லை, அங்கியில் காப்பிக் கறை. மணியை அழுத்தாமல் திரும்ப ஒரு காரணம் கிடைத்ததே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கீழே வந்து எழுதினாள்: "இன்று உங்கள் மூச்சு மிகச் சரியாக இருந்தது. எதையும் மாற்றாதீர்கள். டாக்னி." மறுபடியும் ஏறிப் போய், சத்தம் வராமல் தபால் வாயைத் தூக்கிக் காகிதத்தை மெல்ல விட்டாள். மூச்சு அப்படியே இருந்தது. விரல் நுனியால் கதவைத் தொட்டுவிட்டு இறங்கினாள். காப்பி போட்டாள், ஏலக்காய் ரொட்டியைச் சூடாக்கினாள், ரேடியோவோடு சேர்ந்து பாடினாள். அடுத்த ஞாயிறு நிச்சயம் தலை வாரிக்கொண்டு போய் மணியை அழுத்துவேன் என்று முடிவு செய்தாள். பல வருடங்களில் அவளுக்கு அவ்வளவு நல்ல காலை வாய்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு, ஞாயிறு தவறாமல் அப்பாவோடு சாப்பிட வரும் மகள் தெக்லா, தன் சாவியால் மேல்வீட்டுக் கதவைத் திறந்தாள். அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து, படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். டாக்னி ஓடிப் போய், பழக்கத்தில், முதலில் துளையில் கண்ணை வைத்தாள். சின்ன வட்டத்துக்குள் தூக்குப் படுக்கை இறங்கி வந்தது. கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றார் முன்னால் வந்தவர்.

இவார் அவளைக் கடந்து போனார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு கேட்டது. ஆழமாக, தொண்டையில் உரசிக்கொண்டு. காலையில் கேட்ட அதே மூச்சு.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இரண்டு வீடும் ஒரே அமைப்பு. அவர் விரிப்பை விரிப்பது வரவேற்பறையில், இவள் தலைக்கு மேலே. மூச்சு கேட்டதோ வாசலை ஒட்டி, கதவுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில். விழுந்த இடத்திலிருந்து அவர் தவழ்ந்து வந்திருக்கிறார். இழுபட்டது மேசையில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது. டாக்னி தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூத் அதை நேராக்கிக் கொடுத்தாள். அதற்கு நாலாம் நாள் டாக்னியின் வீட்டு மணி அடித்தது. தெக்லா நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அப்பாவின் உயரம், அப்பாவின் காது.

ஷூவைக் கழற்றிவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். டாக்னி காப்பி ஊற்றினாள். தெக்லா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்பா தோள் மேல கிடந்துச்சு. நான் கதவைத் திறந்தப்போ." அவள் காகிதத்தை விரலால் நேராக்கினாள். "எப்பப் போட்டீங்க?"

சனிக்கிழமை சாயங்காலம் என்று சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அந்தப் பெண் காப்பியைக் குடித்துவிட்டு, அப்பாவுக்குத் துணையாக இருந்ததற்கு நன்றி என்று கையைப் பிடித்துவிட்டுப் போவாள். டாக்னி வாயைத் திறந்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"ஞாயித்துக்கிழமை," என்றாள். "எட்டு, எட்டேகால் இருக்கும்."

தெக்லாவின் உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது. "நான் வந்தது பன்னெண்டுக்கு."

"தெரியும்."

"அப்ப அவரு..."

"மூச்சு கேட்டுச்சு. நான் சொல்லிக்குடுத்த மூச்சுன்னு நினைச்சுட்டேன். நல்லா வந்திருச்சேன்னு... சந்தோஷப்பட்டேன்."

"கதவைத் தட்டலையா?"

"இல்ல."

"மணி?"

"இல்ல."

"ஏன்?" தெக்லா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "கதவு வரைக்கும் வந்துட்டு ஏன் அழுத்தல?"

"படுத்திருக்கறவங்களை எழுப்பக் கூடாதுன்னு ஒரு..." டாக்னி நிறுத்தினாள். "அது இல்ல. வெக்கமா இருந்துச்சு. நான் தலை வாரல."

"தலை வாரல," என்று தெக்லா திருப்பிச் சொன்னாள். சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது, உடனே அது அழுகையாக உடைந்தது. "டாக்டர் சொன்னாரு, சீக்கிரம் கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்னு. அப்புறம் அவரே சொன்னாரு, வந்திருந்தாலும் சொல்றதுக்கில்லன்னு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றாரு. நான் எதைப் புடிச்சுக்கறது? சொல்லுங்க."

எத்தனையோ கேள்விக்குப் பதில் எழுதிய டாக்னியின் கை மேசைமேல் சும்மா கிடந்தது.

"மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலம்மா," என்றாள்.

"கேக்காதீங்க," என்றாள் தெக்லா. "இப்பக் கேக்காதீங்க." காப்பியைத் தொடாமல் எழுந்து, ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல் போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த காலைகள் கொடுமை. ஏழரைக்கு டாக்னி விரிப்பில் படுத்துக் கூரையைப் பார்ப்பாள். ஆசனம் எதுவும் செய்யவில்லை. மூச்சைச் சத்தமாக விடப் பயந்து வாயைப் பொத்திக்கொள்வாள். ரூத் தினமும் வந்து சூப் வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள், "நானும்தான்டி உன்னைக் கேலி பண்ணியே கழிச்சேன். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்," என்று சொல்லி அழுதாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, மேலே பெட்டிகள் நகர்கிற சத்தம் காலையிலிருந்து கேட்டது. பத்து மணிக்கு டாக்னியின் தபால் வாய் திறந்து ஒரு உறை விழுந்தது. உள்ளே இரண்டு தாள்கள். முதலாவது தெக்லாவுடையது.

"டாக்னி, அப்பாவின் வீட்டைக் காலி செய்கிறேன். உங்கள் கடிதங்களைத் தேதி வாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். அதில் அவர் எழுதி உங்களுக்குக் கொடுக்காத ஒன்று இருந்தது. அது உங்களுடையது, நான் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் வாருங்கள், அந்தக் கடிதங்களையும் விரிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் வரை மேலே இருப்பேன். கதவு திறந்திருக்கும், அப்படியே உள்ளே வரலாம்."

இரண்டாவது, கோடு போட்ட தாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. பிப்ரவரித் தேதியை அடித்து மார்ச் எழுதி, அதையும் அடித்து ஏப்ரல் எழுதியிருந்தது.

"கேள்வி 12: வீட்டில் தனியாகச் செய்கிறவனுக்கு, சரியாகச் செய்கிறானா என்று சொல்ல ஆள் இல்லை. கூரை வழியாகக் கேட்டு எவ்வளவுதான் சொல்வீர்கள்? ஒரு நாள் மேலே வந்து பார்ப்பீர்களா? மணியை ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்."

டாக்னி அந்தக் கடைசி வரியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு எழுந்து முகம் கழுவினாள். தலையை வாரினாள், நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். துளை வழியாகப் பார்க்காமல் கதவைத் திறந்து பதினெட்டுப் படி ஏறினாள்.

கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசலை ஒட்டிய வெறுந்தரை தெரிந்தது. உள்ளே தெக்லா கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். சுருட்டிய விரிப்பு சுவரில் சாய்ந்து நின்றது.

டாக்னி கையை நீட்டி மணியை அழுத்தினாள். அதன் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டாள். மெல்லிய, நல்ல சத்தம்.

"திறந்துதானே இருக்கு, உள்ள வாங்க," என்றாள் தெக்லா திரும்பாமலேயே.

டாக்னி வாசலிலேயே நின்று மறுபடியும் அழுத்தினாள்.